உச்சி வெயில் குவியல்

ஞானதாஸ் பதினெட்டு வருஷம் ஒரே அரிசி மில்லில் மேஸ்திரியாக இருந்தார். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில், ஊர் முடிந்ததும் வரும் மில். எட்டாவது வரை படித்தவர். கையெழுத்து அச்சுப்போல இருக்கும். பதினெட்டில் பதினேழு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலையில் போனார், மாலையில் வந்தார். மிச்சம் ஒன்று, 1979.

மில் முதலாளி முத்துகிருஷ்ணன் நிலபுலன் உள்ளவர். அதுவரை ஊர்க்காரர்கள் கொண்டுவந்த நெல்லைக் கூலிக்கு வேகவைத்து, காயவைத்து, அரைத்துக் கொடுத்தே காலம் ஓடியது. அந்த வருஷம் பட்டணம் போய்வந்தவர் ஒரு முடிவோடு திரும்பினார். இனி நெல்லைத் தானே வாங்குவது. அரிசியைச் சொந்தப் பெயர் அச்சடித்த மூட்டையில் பட்டணத்து மண்டிக்கு அனுப்புவது. பழைய மெஷினைக் கழற்றிவிட்டு ரப்பர் உருளை மெஷின் வந்து இறங்கியது. மண்டிக்காரர் கேட்டது இரண்டு. வாரம் ஒரு லாரி தவறாமல் வர வேண்டும். அரிசி முழுசாக இருக்க வேண்டும், நொய் ஆகாது.

“நான் பேசி முடிச்சிட்டேன். நடத்திக் காட்றது உன் வேலை” என்றார் முதலாளி.

மில்லுக்குப் பின்னால் சிமென்ட் களம். வெந்த நெல்லை அங்கே பரத்தி, பெண்கள் பாதத்தை இழுத்து இழுத்து நடந்து புரட்டிக் காயவைப்பார்கள். பதினோரு பேர். எல்லோரும் ஞானதாஸ் தன் காலனியிலிருந்து கூட்டிவந்து சேர்த்தவர்கள். அவர் மனைவி மார்த்தாளும் அதில் ஒருத்தி. மூத்தவள் சிட்டம்மாள், அவருக்கு அக்கா முறை. மேஸ்திரி என்று கூப்பிட மாட்டாள்.

களத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெயில் உச்சிக்கு ஏறியதும் நெல்லைக் குவித்து, சாக்குப் போர்த்திவிட்டு, பெண்கள் புங்கமரத்தடிக்குப் போய்விடுவார்கள். கஞ்சி குடித்து, பேசி, சிலர் கண்ணயர்ந்து, மூன்று மணிக்குமேல் வந்து மறுபடி பரத்துவார்கள். ஒரு களம் நெல் காய இரண்டு நாள் பிடிக்கும்.

இரண்டு நாள் என்றால் வாரத்துக்கு ஒரு லாரி தேறாது. ஞானதாஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து திட்டம் போட்டார். ஊறவைக்க இத்தனை மணி, வேகவைக்க இத்தனை, காய இத்தனை. வெயில் நன்றாக இருக்கும் நேரத்தில் களம் சும்மா கிடப்பது அவர் கண்ணை உறுத்தியது. குவியலை எடுத்துவிட்டார். பெண்களை இரண்டு கும்பலாக்கி, மாற்றி மாற்றிச் சாப்பிடச் சொன்னார். ஒரே நாளில் நெல் காய்ந்தது. திட்டத்தை மில் சுவரில் நீலச் சாயத்தில் பெரிதாக எழுதினார். பதினோரு பேரில் படிக்கத் தெரிந்தவள் மார்த்தாள் மட்டும்.

முதல் லாரி சொன்ன நாளில் கிளம்பியது. நான்காம் நாள் மூட்டைகளோடு திரும்பி வந்தது. அரிசியில் பாதி நொய்.

முதலாளி ஒரு மூட்டையைப் பிரித்து, கைநிறைய அள்ளிக் காட்டினார். “மெஷின் புதுசு, நெல்லு நல்ல நெல்லு. அப்ப எங்க கோளாறு? ஆளுங்க கிட்ட. இன்னொரு லோடு பாப்பேன். அதுவும் திரும்பி வந்தா களத்த மூடிடுவேன். வர்ற நெல்ல அரைச்சுக் குடுத்துட்டுப் போறேன். உனக்கு வேல இருக்கும், ஞானதாசு. அவங்கள வூட்டுக்கு அனுப்பிடு.”

ஞானதாஸ் இரண்டு நாள் மெஷினைக் கழற்றி மாட்டினார். உருளைகளின் இடைவெளியைத் தாளை நுழைத்துப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை. மூன்றாம் நாள் களத்துக்குப் போய் நின்றார்.

“எங்க தப்பு நடக்குதுன்னு உங்களுக்கு எதுனா தோணுதா?”

சிட்டம்மாள் நெல்லைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்: “எங்கள கேக்கறியா, தாஸு, செவுத்த கேக்கறியா?”

மற்றவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மார்த்தாள் மட்டும் சிரிக்கவில்லை.

“உங்களத்தான்.”

“அப்ப உச்சில குவிச்சோம். இப்ப இல்ல. வேற இன்னா மாறிச்சி?”

“கால் சுடுதுன்னு குவிச்சீங்க.”

“கால் சுட்டா நெல்லுக்குச் சுடாதா? வேல செய்ய வலிக்குதுன்னு நெனச்சிக்கினியா? குவியலுக்குள்ள கைய விட்டுப் பாரு. நெல்லு வேர்த்துக்கினு இருக்கும். அந்த வேர்வ வெளிய வரணும். வராத காஞ்சா வெடிக்கும்.”

“முன்னயே சொல்றதுக்கு இன்னா?”

“எழுதிப்புட்டு வந்து காட்டுன. எங்க கேட்ட?”

ஞானதாஸ் வாதாடவில்லை, நம்பவும் இல்லை. களத்தின் நடுவே சுண்ணாம்புக் கோடு போட்டார். ஒரு பாதி அவர் திட்டப்படி. மறு பாதி சிட்டம்மாள் சொல்படி. “எந்த மணிக்குக் குவிப்ப?” என்று கேட்டதற்கு அவள், “மணி எனக்குத் தெரியாது. பாதத்துல நெல்லு ஒட்டாத உதுந்துச்சின்னா குவிப்பேன்” என்றாள்.

இரண்டு பாதியையும் தனித்தனியே அரைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு படி அளந்து, செய்தித்தாளில் கொட்டி, நொய்யைப் பொறுக்கினார். பெண்களும் சுற்றி உட்கார்ந்து பொறுக்கினார்கள். அவருடைய படியில் அரைப் படி நொய். சிட்டம்மாள் படியில் இரண்டு பிடி.

அவர் எழுந்து போய்ச் சுண்ணாம்பு வாளியை எடுத்து, சுவரில் எழுதியிருந்ததை அடித்தார். நீலம் சுலபமாக மறையவில்லை. மூன்று முறை பூச வேண்டியிருந்தது.

“வாரம் ஒரு லாரி போயாகணும். குவிச்சா ரெண்டு நாளு. இதுக்கு இன்னா பண்ணலாம்?”

இந்த முறை பதில், நெல் வேகவைக்கும் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் முனியனிடமிருந்து வந்தது. “ரெண்டு தொட்டி கீது. எதுக்கு ரெண்டையும் ஒண்ணா வேகவெக்கறோம்? ஒண்ணு குவியல்ல கீறப்ப இன்னொண்ண எறக்கினா களம் காலியா இருக்காது.”

“உச்சி வெயில்லயா?”

“ஈர நெல்லு சுடாது, வெடிக்காது” என்றாள் சிட்டம்மாள். “ரெண்டு பேரு போதும் பொரட்ட. முற வெச்சிக்கறோம். மத்தவங்க மரத்தடியில இருப்போம். அத மட்டும் கொறைக்காத.”

“அப்ப நான் விடியறதுக்கு முன்ன வந்து அடுப்பு மூட்டணும். பேஜாரு” என்றான் முனியன்.

“நீ சொன்ன யோசனதான, நீயே மூட்டு” என்றாள் சிட்டம்மாள்.

ஞானதாஸ் முதலாளியிடம் போனார். தப்பு ஆட்களிடம் இல்லை, தான் போட்ட திட்டத்தில் என்றார். “பொம்பளைங்க சொன்னாப்ல மில் ஓடணுமா?” என்றார் முதலாளி.

“ஒரு லோடு, மொதலாளி.”

“திரும்பி வந்தா நீயும் சேந்து போவணும்.”

“சரிங்க.”

மார்த்தாளிடம் இதை அவர் சொல்லவில்லை. முனியன் சொன்னான்.

சுவரில் இந்தத் தடவை எழுத்து இல்லை. சூரியன் ஏறுவதும் இறங்குவதும் கரியால் வரைந்து, கீழே தொட்டி, பரத்தல், குவியல் என்று படம் போட்டார். எந்தப் படம் எங்கே வர வேண்டும் என்று பெண்கள் விரல் நீட்டிச் சொன்னார்கள்.

லாரி போனது. நான்காம் நாள் மதியம் சாலையில் சத்தம் கேட்டது. சிட்டம்மாள் புரட்டுவதை நிறுத்திக் காதுகொடுத்தாள். வளைவில் லாரியின் பலகைகள் தடதடவென்று அடித்துக்கொண்டன. பாரம் இருந்தால் அப்படி அடிக்காது.

“காலி வண்டி” என்றாள். மறுபடி புரட்ட ஆரம்பித்தாள்.

அதன்பின் எட்டு வருஷம் வாரம் ஒரு லாரி போனது. பதினோரு பேரில் ஒருவரையும் நிறுத்தவில்லை. ஞானதாஸின் மகள் விவசாயப் படிப்பில் டிப்ளமா முடித்து, ஒரு முறை ஈரம் அளக்கும் கருவியோடு வந்து, சிட்டம்மாள் குவிக்கச் சொன்ன நேரத்தில் நெல்லில் வைத்துப் பார்த்தாள். பதினெட்டு சதவீதம். பாடப் புத்தகத்தில் இருந்ததும் அதுதான். ஞானதாஸ் அந்த எண்ணைச் சுவரில் குவியல் படத்துக்குப் பக்கத்தில் எழுதினார். யாருக்கும் அது தேவைப்படவில்லை.

1987 சித்திரையில், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, மாரடைப்பில் இறந்தார். வயது ஐம்பத்து மூன்று. மகள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது ஒன்பது மணி. சிட்டம்மாள் வந்து மார்த்தாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெல்லக் கேட்டாள்.

“பன்னண்டரைக்கு மேல எடுக்கலாமா? களத்துல நெல்லு கீது.”

“அவரும் அதத்தான் கேட்டிருப்பாரு” என்றாள் மார்த்தாள்.

உச்சி வெயிலில் நெல்லைக் குவித்துவிட்டு எல்லோரும் வந்தார்கள். ஈர நெல் அன்று இறக்கவில்லை. முனியன் ஒரு தொட்டியை நிறுத்தி வைத்திருந்தான். கல்லறையில் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். மூன்று மணிக்கு சிட்டம்மாள் எழுந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள். மில்லுக்குப் போய், குழாயடியில் வரிசையாக நின்று காலைக் கழுவிக்கொண்டார்கள். பிறகு சாக்கை எடுத்துவிட்டு, குவியலைப் பிரித்துப் பரத்தினார்கள்.