பின்சீட்டு யாருக்கு

கடலூர் செம்மண்டலத்தில் ராஜவேலைப் பற்றிக் கேட்டால், "ஏகத்துக்கு சுத்தம் பாக்கற ஆளு" என்பார்கள். சொல்லும்போதே முகத்தை லேசாகச் சுளிப்பார்கள். அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டிருந்தார் ராஜவேல்.

உண்மையில் அவருக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும். டீக்கடையில் டம்ளரின் விளிம்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஓட்டலில் மேசை துடைக்கிற துணி கண்ணில் பட்டால் எழுந்து வந்துவிடுவார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் விரலை நக்கினால் அன்றைய சாப்பாடு அத்தோடு சரி. காலையில் ஒரு குளியல், ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு குளியல், இஸ்திரி போட்ட சட்டை, அக்குளில் பவுடர். மனிதர்கள் ஏன் இப்படி அழுக்குப் பன்றிகளாக வாழ்கிறார்கள் என்பது அவருடைய நாற்பத்தைந்து வயதிலும் தீராத கேள்வி.

வீட்டிலும் ஒரு குறை உண்டு. அவர் வேலை முடிந்து உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடம் மனைவி வினோதினி சாம்பிராணியோடு வந்துவிடுவாள். கூடம், படுக்கையறை, அவர் கழற்றிப் போட்ட சட்டை என்று ஒன்று விடாமல் புகை போடுவாள்.

"செவ்வா வெள்ளி போட்டா பத்தாதா? தெனமும் என்னாடி பக்தி?" என்று இருமுவார். ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்துவிட்டுப் போவாள்.

செம்மங்குப்பத்தில் பூச்சிமருந்துக்கு மூலப்பொருள் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் ரியாக்டர் ஆப்பரேட்டர். இருபது வருஷ சர்வீஸ். புது பிளாக்குக்கு மாறி இரண்டு வருஷம் ஆகிறது. கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அன்றிலிருந்து இன்றுவரை பாடம் எடுப்பதும் அவர்தான். கம்பத்தின் உச்சியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு காற்றுப் பை பறக்கும். "கேஸ் கசிஞ்சா ஓட்றதுக்கு முன்ன மேல பாருங்க. பை எந்தப் பக்கம் பறக்குதோ, அதுக்கு எதிர்ப்பக்கம்தான் ஓடணும். காத்து யாருக்கும் சொந்தக்காரன் கெடையாது" என்பார். கேட்கிறவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதுவும் அவருக்குக் குமட்டும்.

வண்டி வாங்கும் யோசனை ஒரு பஸ்ஸில்தான் வந்தது. மகள் சுவேதா சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள், இரண்டாம் வருஷம். சனிக்கிழமை ஊருக்கு வருவாள். ஒரு சனிக்கிழமை அவளிடம் மூட்டை அதிகம் என்று இவரே போய் அழைத்துவந்தார். போதும் போதும் என்றாகிவிட்டது. ஜன்னல் கம்பியில் காய்ந்த வெற்றிலை எச்சில். முன்சீட்டில் ஒரு பிள்ளை வாந்தி. அதன்மேல் யாரோ தினத்தாளை விரித்துவிட்டு, அந்தத் தாளிலேயே காலையும் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒரே ஒரு ஆள்தான் மரியாதை தெரிந்தவர். மூன்று பேர் உட்காரும் சீட்டில் ராஜவேலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், இரண்டு நிமிடத்தில் எழுந்துபோய்க் கடலூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். இஸ்திரிச் சட்டையைக் கசக்கக் கூடாது என்ற நினைப்பு சிலருக்காவது இருக்கிறதே என்று ராஜவேல் ஆறுதல்பட்டார்.

சுவேதா ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டியபடியே வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பள்ளிக்கூட நாட்களில் பழைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவள் அவள். எந்த டீச்சர் யாரோடு பேசுவதில்லை, யார் டிபன்பாக்ஸில் என்ன இருந்தது, எல்லாம் அவர் காதில் விழும். இவர் "உம்" என்றால் போதும். அவள் காலேஜ் சேர்ந்தாள், இவர் கம்பெனி பஸ்ஸுக்கு மாறினார், பைக்கை விற்றார்கள், பேச்சும் போயிற்று. இந்த நாற்றம் பிடித்த பஸ்தான் மகளின் வாயை அடைத்துவிட்டது என்று ராஜவேல் முடிவு கட்டினார். வாரம் ஒரு மணி நேரம், அவருக்குப் பின்னால் அவள், அந்தப் பேச்சு. அது திரும்ப வேண்டும். அதற்கு ஒரு வண்டி வேண்டும்.

வினோதினியின் தம்பி அன்பரசு வண்டிப் பைத்தியம். விற்பனைக்கு இருந்த இரண்டு வண்டிகளைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். மஞ்சக்குப்பத்தில், மலையும் காடும் சுற்றுவதற்கென்று செய்த ஒரு அட்வென்ச்சர் டூரர் பைக். சிதம்பரத்தில் பழைய காலத்து ஜாடையில் ஒரு ஸ்கிராம்ப்ளர்.

"மாமா, கண்ண மூடிக்கினு டூரர எடுங்க. பின்சீட்டு தனியா, ஒசரமா இருக்கும். பின்னால குந்தறவங்களுக்கு நல்லா காத்து வரும்."

"முன்னால குந்தறவனுக்கு வராதா மச்சான்?"

"அதுக்குச் சொல்லல மாமா" என்று அன்பரசு வேறு பக்கம் பார்த்தான்.

மகளிடம் போனில் சொன்னால் அவளும் அதையே பாடினாள். "அந்தப் பெரிய வண்டியே வாங்குங்கப்பா. பின்சீட் தள்ளி இருக்குமாம்."

மஞ்சக்குப்பத்து வண்டி ராபர்ட் என்ற பேங்க் அதிகாரியுடையது. ஆள் உயரத்துக்கு நின்றது. இரண்டு பக்கமும் தகரப் பெட்டி, முன்னால் பனிமலை ஸ்டிக்கர்.

"எங்கெல்லாம் போயிருக்கீங்க சார்?"

"பாண்டிச்சேரிக்கு ரெண்டு தடவ."

ராஜவேல் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே என்றைக்கோ வாங்கி மறந்த பிரியாணிப் பொட்டலம் பச்சைப் பூஞ்சை பூத்துக் கிடந்தது. படீரென்று மூடினார். நிமிர்ந்து பார்த்தால் ராபர்ட் நாலு எட்டு தள்ளி, வாசல் கேட்டுப் பக்கம் போய், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார். தன் வீட்டுப் பிரியாணி தனக்கே தாங்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டார் ராஜவேல். வண்டியில் ஏறி உட்கார்ந்தால் நுனிக்கால்தான் தரையில் பட்டது. பின்சீட்டு மாடியில் இருந்தது. அங்கே ஒரு பெண்ணை ஏற்றினால் அவள் பேசுவது மேலே போகிற கொக்குக்குத்தான் கேட்கும். வேண்டாம் என்று வந்துவிட்டார்.

சிதம்பரத்து வண்டி அவரை மயக்கியது. மேல வீதியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் சிவசுப்ரமணியன், இடுப்பு வலி என்று அதை விற்கிறார். வட்ட விளக்கு, பக்கவாட்டில் தூக்கிய சைலன்சர், ஒரே நீளமாகத் தட்டையான சீட்டு. ஒரு பொட்டு அழுக்கு இல்லை. ஸ்போக் கம்பி ஒவ்வொன்றும் துடைத்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ராஜவேல் இன்னொருவர் பொருளை முகம் சுளிக்காமல் தொட்டார். சுவேதாவையும் அங்கே வரச் சொல்லியிருந்தார்.

"ஏறும்மா. நாலு வீதியும் ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்."

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சீட்டின் கடைசி விளிம்பில் உட்கார்ந்து, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தெற்கு வீதியில் கூட்டம், வண்டி ஊர்ந்துதான் போனது. வட்டக் கண்ணாடியில் பார்த்தார். துப்பட்டா மூக்குவரை ஏறியிருந்தது, முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. புழுதிக்காக இருக்கும்.

"ஏதாச்சும் பேசிட்டு வாயேம்மா."

"உம்" என்றாள்.

கீழ வீதி திரும்பியதும் அவர் முதுகில் தட்டினாள். "அப்பா, நிறுத்துங்க. நிறுத்துங்க!"

இறங்கி ஓடியவள் சாக்கடையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். பெற்ற மகள்தான். ஆனாலும் ராஜவேல் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டித் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அவருடைய பழக்கம் அப்படி.

"தெருவுல விக்கிற கண்டதையும் தின்னியா? எத்தன தடவ சொல்றது? கையக் கழுவறானுங்களா, துணியத் தொவைக்கறானுங்களா..."

"நா எதுவும் தின்னலப்பா."

"அப்ப என்னா?"

"அந்தப் பெரிய வண்டியே வாங்குங்கப்பா."

"வாந்திக்கும் வண்டிக்கும் என்னா இருக்குது? சொல்லித் தொலையேன்!"

சுவேதா வாயைத் துடைத்தாள். அவரைப் பார்க்காமல் சொன்னாள்: "உங்க மேல கம்பெனி வாடை வருதுப்பா."

"ரெண்டு வேள குளிக்கறேன்."

"தெரியும்ப்பா. சோப்புக்கெல்லாம் போவல. புது பிளாக்குக்கு நீங்க போனதுலேந்து இருக்குது. அம்மா அதுக்குத்தான் சாம்பிராணி போடறாங்க. உங்களுக்குத் தெரியலன்னு யாரும் சொல்லல."

"வாடைன்னு ஏன் சொல்ற? நாத்தம்னு சொல்லு."

அவள் அழத் தொடங்கினாள். ராஜவேல் முழங்கையைத் தூக்கி முகர்ந்தார். சோப்பு வாசனைதான் வந்தது. சட்டைக் காலரை இழுத்து முகர்ந்தார். பவுடர். வேறு ஒன்றும் இல்லை. ஊரெல்லாம் முகர்ந்து பார்த்துக் குறை சொன்ன அந்த மூக்குக்கு இது ஒன்று மட்டும் தெரியவில்லை. கம்பெனி பஸ்ஸில் வருகிற அத்தனை பேருக்கும் இதே கதிதான் என்பதால் யாரும் யாரையும் சொன்னதில்லை. பஸ்ஸில் எழுந்துபோய் நின்ற மரியாதைக்காரர், ராபர்ட்டின் கைக்குட்டை, செம்மண்டலத்தில் சுளித்த முகங்கள், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பந்தியில் விரல் நக்கியவனைப் பார்த்து இவர் எழுந்தபோது, இவர் போனதால் எத்தனை பேர் நிம்மதியாகச் சாப்பிட்டார்களோ. கூசிப்போனார். தன் மேலேயே அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சட்டையைக் கழற்றி எறியலாம். தோலை என்ன செய்வது?

பெரிய வண்டியையே வாங்கிவிடலாம். மகளை மாடியில் ஏற்றிவைத்து, எட்டத்தில் கொண்டுபோகலாம். பேச்சாவது ஒன்றாவது.

அப்போது பழக்கதோஷத்தில் அவர் கண் மேலே போனது. எதிர்க் கடைக்கு மேலே கட்டியிருந்த துணி பேனர் படபடத்தது. காற்று இவரிடமிருந்து அவள் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. இருபது வருஷம் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர், பெற்ற பெண்ணைக் காற்று போகிற பக்கமாக நிறுத்திவைத்திருக்கிறார். சட்டென்று அவளைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் நின்றார். சுவேதா நன்றாக மூச்சு இழுத்துவிட்டாள். அதை அவர் பார்த்தார்.

"லைசென்ஸ் இருக்குதில்ல?"

"பையில இருக்குது. எதுக்குப்பா?"

"நீ ஓட்டு. நா பின்னால குந்தறேன். காத்து பின்னாலதான போவும்."

அவளைப் பதினெட்டு வயதில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் எட்டுப் போட வைத்துப் பழக்கியது அவர்தான். ஸ்கிராம்ப்ளரில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிந்தன. அந்தப் பெரிய வண்டியில் இது நடக்காது. ராஜவேலுக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. பின்விளிம்பில் தள்ளி உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். மேல வீதி வருவதற்குள் வண்டி முடிவாகிவிட்டது.

"என்னா மாமா, பொண்ண ஓட்ட வுட்டு நீங்க பின்னால குந்திக்கினு வர்றீங்க? பாக்கறவன் சிரிக்கமாட்டானா?" என்று அன்பரசுக்கு ஒரே அருவருப்பு.

"சிரிக்கறவன் என் பக்கத்துல வந்து சிரிக்கட்டும் மச்சான். எவ்ளோ நேரம் நிக்கறான்னு பாக்கறேன்" என்றார் ராஜவேல்.

வேறு பிளாக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். கிடைக்கிறபோது கிடைக்கட்டும். சனிக்கிழமை காலையில் தனியாக ஓட்டிக்கொண்டு சிதம்பரம் போவார். ஹாஸ்டல் வாசலில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொள்வார். அவருடைய நாற்றம் பின்னால் போகும், அவளுடைய பேச்சும் பின்னால்தான் வரும். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவள் கத்திக்கத்திச் சொல்வதெல்லாம் காற்றோடு வந்து அவர் முகத்தில் மோதும். ரூம்மேட் சிவகாமு யாரோடு சண்டை, எந்த லேப்பில் என்ன உடைந்தது, மெஸ் சாம்பாரில் என்ன மிதந்தது, ஒன்று பாக்கியில்லை. "உம்" என்பார். அது அவளுக்குக் கேட்காது, பரவாயில்லை.

முதல் சனிக்கிழமை புதுச்சத்திரத்தில் டீக்கு நிறுத்தினாள். வண்டி நின்றால் காற்றும் நின்றுவிடும் என்பதை ராஜவேல் யோசித்திருக்கவில்லை. இறங்கியதும், யாரும் சொல்லாமலே, இருபது எட்டு தள்ளிப்போய் ஒரு புளியமரத்தடியில் நின்றுகொண்டார். சுவேதா இரண்டு டம்ளர் வாங்கி ஒன்றைக் கடையில் வைத்துவிட்டு, இன்னொன்றை அவரிடம் கொண்டுவந்தாள். துப்பட்டா கழுத்திலேயே கிடந்தது. சிரித்தபடி நீட்டினாள். கன்னம் லேசாக உப்பியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

டம்ளரின் விளிம்பைப் பார்க்கவில்லை ராஜவேல். கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, "போம்மா, போய் வண்டிய எடு" என்றார்.