ராசம்மாளின் ஆடிப் பதினெட்டு

கயிற்றை நீட்டும்போது ராசம்மாள் வாங்குகிறவளின் முகத்தைப் பார்ப்பதில்லை. "எடுத்துக்குங்க அம்மணி, நல்லா முறுக்குனது" என்பாள். பார்வை காவேரிப் பக்கம் போய்விடும். ஆடிப் பதினெட்டன்று கொடுமுடிப் படித்துறையில் அவள் கடை ஒரு சாக்கு அகலம். மஞ்சள் கிழங்கு கோத்த தாலிக்கயிறு, காதோலை கருகமணி, வெற்றிலை, குங்குமம். கரூர் ரோட்டில் லாரி ஹாரன் கேட்டால் மட்டும் கை அப்படியே நின்றுவிடும்.

இந்த நோன்பு எதற்கு என்று கேட்டால் அவளிடம் பதில் உண்டு. "காவேரியாத்தா முழுகாம இருக்காளுங்க. மசக்கைக்காரிக்கு வாய்க்கு ருசியா வேணுமல்ல? அதுக்குத்தான் புளிச்சோறும் எலுமிச்சஞ்சோறும். ஓலையும் வளையலும் அவளுக்குச் சீருங்க."

அன்றுதான் சுமங்கலிகள் தாலிக்கயிறு மாற்றுவார்கள். மூத்த சுமங்கலி ஒருத்தி கட்டிவிட வேண்டும். புதியது ஏறிய பிறகே பழையதைக் கழற்றி ஆற்றில் விடலாம். இமைப்பொழுதும் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது.

ராசம்மாள் வெள்ளகோயில் பக்கத்துப் பெண். சொந்த மாமன் மகன் பங்காருவுக்கே வாக்கப்பட்டு வந்தவள். அந்தப் பங்காரு ஈரோட்டு மஞ்சள் ஏற்றிய லாரியில் வடக்கே போனான். லாரி திரும்பியது, ஆள் திரும்பவில்லை. அத்தைக்காரி உயிரோடிருந்தவரை, "எம்மவன் வருவான், குனி" என்று ஆடிக்கு ஆடி தன் கையால் கட்டிவிட்டாள். தொண்ணூற்றேழு தையில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

அந்த வருசம் ஆடிப் பதினெட்டுக்கு மறுநாளே ஆடி அமாவாசை. பதினெட்டன்று வெயில் தாழக் கொழுந்தன் நஞ்சுண்டன் வந்து நின்றான்.

"ஏனுங்க அண்ணி, ஐயருகிட்டச் சொல்லிப்போட்டனுங்க. நாளைக்கு அண்ணனுக்கு எள்ளும் தண்ணியும் எறச்சரலாம். இந்த வாட்டி நீங்க கயிறு மாத்தாதீங்க. ஊரே சிரிக்குது."

"எள்ளுத் திங்க அவங்க என்ன காக்காயா? அவங்களப் பொணமாப் பாத்தீங்களா?"

"உசுரோட இருந்தா ஒரு கடுதாசி போட்டிருக்க மாட்டாருங்களா?"

ராசம்மாள் வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்தாள். "காலம்பற வாரனுங்க" என்று அவன் போய்விட்டான்.

காங்கேயத்திலிருந்து வந்திருந்த புதுப்பெண் ஒருத்தி, கீதா என்று பேர், கயிற்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "எங்க மாமியா வரலீங்கக்கா. நீங்களே கட்டிவுடுங்க."

ராசம்மாள் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "என்ற கை வேண்டாங் கண்ணு. அந்தப் பூக்கார முத்தாத்தாக்கா பேரன் பேத்தி எடுத்த மகராசி. அவங்களக் கட்டச் சொல்லு."

"உங்களுக்கு யாருங்க கட்டுவாங்க?"

"எங்கூட்ல இருந்து வருவாங்க கண்ணு."

முத்தாத்தாள் கீதாவுக்குக் கட்டி, குங்குமம் வைத்து வாழ்த்தினாள். பிறகு ராசம்மாள் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று பூக்கூடையை அடுக்கக் குனிந்துகொண்டாள்.

படித்துறையில் கூட்டம் கரைந்தது. ராசம்மாள் சாக்கில் மிஞ்சியிருந்த தாலிக்கயிறுகளில் ஒன்றை உருவிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். மேட்டூர்த் தண்ணீர் காலை இழுத்தது. மார்பளவு நீரில், கரைக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கைகளையும் பிடரிக்குக் கொண்டுபோனாள். கண்ணுக்குத் தெரியாத முடிச்சு விழ வெகுநேரம் ஆயிற்று. பிறகு பழையதைக் கழற்றித் தண்ணீரில் விட்டாள். அது போகும் திசையைப் பார்க்கவில்லை. தானே போட்ட முடிச்சை இன்னொரு தடவை இழுத்து இறுக்கினாள்.