மிதப்பும் மருத்துவமனைச் சுவரும்

அவளுக்கு மிதப்பு என்று பட்டப்பெயர் வைத்தது அக்காதான். நடக்கும்போது கால் தரையில் இருக்கும். நினைப்பு எங்கேயோ மேகத்தோடு போய்க்கொண்டிருக்கும். திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, தபால் பெட்டியின் மூலை, கடை வாசலில் தாழத் தொங்கும் பலகை என்று எதையும் அவள் விட்டுவைத்ததில்லை. நெற்றியில் ஒரு வீக்கம் வடிவதற்குள் இன்னொன்று முளைத்துவிடும். ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே, "கண்ணை எங்கடி வச்சுட்டுப் போற?" என்பாள் அம்மா. கண் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்ததுதான் வேறு எதையோ.

படித்து முடித்து அவள் கட்டட ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தபோது வீடே சிரித்தது. "நல்ல வேலைதான். இடிச்சுப் பாத்தே சுவரு உறுதியா இல்லையான்னு சொல்லிடுவா," என்றாள் அக்கா.

பயிற்சி வகுப்பில், சாப்பிட்ட பின் கண் சொக்கும் வேளையில், அதிகாரி ஒரு விதியை வாசித்துக்கொண்டிருந்தார். நடைபாதைச் சுவரில் மாட்டும் பொருள் முழங்காலுக்கு மேலே, தலைக்குக் கீழே இருந்தால், ஒரு கையகலத்துக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தரைவரை இறங்கியிருந்தால் பார்வையற்றவரின் கைத்தடி அதைத் தட்டிக் கண்டுபிடித்துவிடும். அந்தரத்தில் நின்றால் தடி அடியில் புகுந்து போய்விடும். பின்னால் வரும் முகம்தான் மோதும்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். யாரோ ஒருவர் ஏதோ ஒரு மேசையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத முகங்களைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். தப்பெல்லாம் தன்மேல்தான் என்று நினைத்து வளர்ந்தவளுக்கு, சுவருக்கும் அதில் பங்குண்டு என்று கேட்பது, வெயிலில் நடந்து வந்து நிழலில் ஒதுங்கியது போல இருந்தது.

பிறகு கல்யாணம் ஆயிற்று. கணவன் பேருந்து ஓட்டுநர். கண் இமைக்காமல் சாலையைப் பார்த்துப் பிழைப்பவன். வீட்டுக்கு வந்தால், அவள் திறந்துபோட்ட அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு பின்னாலேயே வருவான். "நீ பாட்டுக்குப் போ. நான் பாத்துக்குறேன்," என்பான்.

ஒருநாள் காலை, ஒரு மருத்துவமனையின் புதுக் கட்டடத்தைப் பார்வையிடப் போனாள். ஒரு பாதி ஏற்கெனவே இயங்கத் தொடங்கியிருந்தது. உயரமான ஜன்னல்கள் வழியே வெயில் இறங்கி, நீண்ட நடைக்கூடத்தின் தரையில் பால் கொட்டியது போலப் பரவிக் கிடந்தது. நடந்தால் கால் நனையுமோ என்று தோன்றியது அவளுக்கு. பாதி தூரத்தில், சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பழைய காலத்து மருத்துவக் கருவிகள். பெட்டி மார்பு உயரத்தில், ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இது இப்படி இருக்கக் கூடாது சார்," என்றாள்.

கூட வந்த நிர்வாகி பெட்டியைச் செல்லமாகத் துடைத்தார். "எங்க பழைய டாக்டருங்க கொடுத்துட்டுப் போனது மேடம். இவ்வளவு பெருசா இருக்கு, கண்ணுக்குத் தெரியாமப் போயிடுமா? பாத்து நடந்தா போச்சு."

"பாக்காம நடக்குறவங்களும் வருவாங்கல்ல?"

"கண்ணு தெரியாதவங்கன்னா கூட ஆள் அனுப்பிடுவோம். மத்தவங்க யாரு பாக்காம நடக்கப்போறா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் பிரசவ வார்டின் கதவு திறந்தது. ஓர் இளைஞன் காதில் கைபேசியோடு வெளியே வந்தான். பேசவில்லை, கேட்கவும் இல்லை போலிருந்தது. கால்கள்தான் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தன. அந்த நடை அவளுக்கு நன்றாகத் தெரியும். சுவரோரமாக, நேரே பெட்டியின் மூலையை நோக்கி வந்துகொண்டிருந்தான். அவள் சட்டென்று குறுக்கே போய் நின்றாள். அவன் அவள் தோளில் மோதினான். பெட்டியின் மூலை அவள் முதுகில் இறங்கியது.

"பொண்ணு பொறந்திருக்கு," என்றான் அவன், மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில்.

"நல்லா இருக்கட்டும். அப்படியே நேரா போங்க, வழி காலியாத்தான் இருக்கு."

அவன் வெயிலுக்குள் நடந்து போனான். நிர்வாகி அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் எங்கப்பா பழைய வார்டுலதான் இருந்தாரு," என்றார் மெதுவாக. "டாக்டர் கூப்பிட்டுச் சொன்னாரு. அதுக்கப்புறம் எப்படி வெளிய வந்தேன்னே எனக்கு ஞாபகம் இல்ல."

பெட்டியின் மூலையை ஒருமுறை கையால் தடவிப் பார்த்தார். பிறகு அவர் தச்சரை வரவழைத்தார். தச்சர் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். "வெறும் தடுப்புச் சுவருதான், பின்னாடி சாமான் ரூம். குடைஞ்சு உள்ள உக்கார வச்சுரலாம். துளிகூட வெளிய நீட்டாது."

அன்று வீட்டில் கணவன் முதுகில் தைலம் தடவிவிட்டான். "இத்தனை நாளா முன்னாடி மட்டும்தான் இடிச்சுட்டிருந்த. இப்பப் பின்னாடியுமா?" என்றான். அவள் சிரித்தபடியே தூங்கிப்போனாள்.

வேலை முடிந்ததென்று சொல்லி அனுப்பினார்கள். போனாள். கருவிகள் இப்போது சுவருக்குள்ளிருந்து, குளத்தின் அடியில் கிடப்பவை போல மினுங்கின. அவள் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். குளிர்ந்த சுண்ணம், பிறகு கண்ணாடியின் வழுவழுப்பு, மறுபடி சுண்ணம். இமைகளுக்குள் வெயில் செம்மையாக வந்து வந்து போனது. நடைக்கூடம் முடியவே முடியாது போலிருந்தது. முடியவும் வேண்டாம் என்றிருந்தது.

"ஏதாவது தேடுறீங்களா மேடம்?" மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் கேட்டாள்.

"எதுவும் இல்லையான்னு பாக்குறேன்," என்றாள் அவள், கண் திறக்காமலே.

நர்ஸ் வண்டியைக் கொஞ்சம் ஒதுக்கி வழிவிட்டாள்.