ஐஸுக்கு அடியில் மீன் என்ன செய்யும்

என் மாமா ஏரியின் மேல் லொறி ஓட்டுகிறவர் என்று நான் வகுப்பில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. படகு என்று சொல்ல வந்து லொறி என்று சொல்லிவிட்டேன் என நினைத்து, டீச்சர் அன்பாகத் திருத்தினார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் மெல்பேர்னுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு எட்டு வயது. கிளென் வேவர்லியில் எங்கள் தெருவின் குட்டைகள் எந்தக் குளிரிலும் உறைந்ததில்லை. ஆகவே டீச்சரைக் குற்றம் சொல்ல முடியாது.

அம்மாவின் ஒரே தம்பி அவர். யாழ்ப்பாணத்திலிருந்து மேற்படிப்புக்காகக் கனடா போனவர், அங்கேயே வடக்குக் கோடியில் ஒரு சுரங்கத்தில் பாறைகளை ஆராயும் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அந்த டிசம்பரில் எங்களைப் பார்க்க வந்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு தம்பியைக் காணப்போகிறோம் என்று அம்மா ஒரு கிழமையாகப் பலகாரம் சுட்டார். கூடவே, யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்த ஒரு பெண்ணின் படத்தையும் வரவழைத்து அலமாரியில் தயாராக வைத்திருந்தார். மாமா வந்து இரண்டு நாளாகியும் அந்தப் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. பெட்டி நிறைய ஸ்லைட் கொண்டு வந்திருந்தவருக்கு இன்னொரு படத்தைப் பார்க்க நேரமில்லை போலும் என்று நான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரைச்சீலைகளை இழுத்து மூடி, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய புரொஜெக்டரால் சுவரில் படம் காட்டினார். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே சுவர் முழுக்கப் பனி. அந்த ஏரியின் பெயர் கிரேட் ஸ்லேவ் லேக். அப்பா உடனே 'பெரிய அடிமை ஏரி' என்று மொழிபெயர்த்துச் சிரித்தார். அது வெளியிலிருந்து போனவர்கள் வைத்த பெயர், அங்கேயே பிறந்து வளர்ந்த சனங்கள் அதை வேறு பெயரால்தான் அழைக்கிறார்கள் என்று மாமா சொன்னார். அவர் சிரிக்கவில்லை.

ஒரு காலத்தில் அந்த நிலம் முழுவதையும் மலை உயரத்துக்குப் பனி மூடியிருந்ததாம். அது மெல்ல மெல்ல நகர்ந்தபோது, அடியில் அகப்பட்ட கற்களால் தரையைச் சுரண்டிச் சுரண்டிப் பள்ளமாக்கியதாம். பனி உருகிய தண்ணீர் நின்ற இடம்தான் ஏரி. கரைப் பாறைகளில் அந்தக் கீறல்கள் இன்னும் இருக்கின்றன, விரலை வைத்தால் வரி வரியாகத் தெரியும் என்றார். அடுத்தடுத்த படங்களில் உறைந்த ஏரியின் மேல் உண்மையாகவே லொறிகள் போயின; ஒன்றை மாமாவே ஓட்டினார். நாய்கள் சறுக்குவண்டி இழுத்து ஓட்டப்பந்தயம் ஓடின. மான்கள் கூட்டமாக ஐஸைக் கடந்தன. கோடைக்காலப் படமொன்றில் ஆற்றுப் பாறையில் கூழைக்கடாக்கள் நின்றன. எங்கள் கடற்கரைக்கு வரும் அதே பறவைதானா என்று அண்ணன் கேட்க, இல்லை, அதற்குச் சொந்தக்காரப் பறவை என்று மாமா சொன்னார்.

பல படங்களில் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் இருந்தாள். ஐஸில் துளையிட்டுத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தாள். தன் கை நீளத்துக்கு ஒரு மீனைத் தூக்கிக் காட்டினாள். ஒரு படத்தில் அவள் முதுகில் மயிர்த்தோல் மூட்டை ஒன்று தொங்கியது. யார் அது என்று அம்மா கேட்டார். அந்த ஊர்க்காரி என்று மாமா சொல்லி அடுத்த படத்தைப் போட்டார். அம்மா அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு அவளைவிட அவள் பிடித்த மீன்தான் பெரிதாகத் தெரிந்தது. ஏரி உறைந்தால் மீன் செத்துப்போகாதா என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை," என்றார் மாமா. "ஐஸ் மேலதான் மிதக்கும். கீழ தண்ணி தண்ணியாத்தான் இருக்கும். மீன் அடியில போய் ஆடாமல் அசையாமல் நிக்கும். மூச்சு மெதுவா, நெஞ்சும் மெதுவா. ஐஸ் உருகுமட்டும் பொறுத்திருக்கும்."

அப்படி ஒரு பொறுமையை நான் கண்ணால் பார்க்க விரும்பினேன்.

எங்களிடம் ஒரு தங்கமீன் இருந்தது. பள்ளிக்கூட விழாவில் வளையம் எறிந்து அண்ணன் வென்றது. மறுநாள் அப்பா வேலைக்கும் அண்ணன் நீச்சல் குளத்துக்கும் போன பிறகு, ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் தண்ணீர் நிரப்பி, மீனை அதில் விட்டு, ஃபிரிட்ஜின் மேலே ஐஸ் கட்டுகிற அறைக்குள் வைத்தேன். கொஞ்ச நேரத்துக்கொரு தரம் திறந்து பார்ப்பதுதான் திட்டம். முதல் தரம் பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் தரம் பார்க்கப் போனபோது குசினிக் கதவு மூடியிருந்தது. உள்ளே அம்மாவும் மாமாவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் குசினிக் கதவை ஒருவரும் மூடுவதில்லை. அதைத் தட்டலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. கதவோரம் நின்றேன். முதலில் மாமாவின் குரல் தாழ்ந்து நெடுநேரம் கேட்டது. பிறகு அம்மா சொன்னார்:

"ரெண்டு வருசம். ஒரு காயிதத்திலயாவது எங்களிட்ட ஒரு சொல்லுச் சொல்லேலை நீ."

அந்தச் சிவப்புக் கோட்டுக்காரியை மாமா இரண்டு வருடத்துக்கு முன்பே மணந்துகொண்டிருந்தார், அவர்களுக்கு ஒரு பிள்ளையும் இருந்தது, அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்தார் என்பதையெல்லாம் நான் வளர்ந்த பிறகுதான் பொருத்திப் பார்த்தேன். அப்போது எனக்குக் கேட்டது அம்மா அழுகிற சத்தமும் ஃபிரிட்ஜ் உறுமுகிற சத்தமும்தான். இரண்டாவது சத்தம்தான் என்னைப் பயமுறுத்தியது. கூடத்து மணிக்கூட்டில் பெரிய முள் பாதி வட்டம் போய்விட்டது. இனியும் நின்றால் டப்பா முழுக்க ஐஸாகிவிடும் என்று கதவைத் தள்ளினேன்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பிறகு வரச் சொன்னார். ஃபிரிட்ஜில் மீன் இருக்கிறது என்றேன். மீனை இரவுக்குத்தான் சமைப்பேன் என்றார் அம்மா.

"அந்த மீன் இல்லை அம்மா. உயிரோட இருக்கிற மீன்."

மாமாவுக்குத்தான் முதலில் விளங்கியது. எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்து டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். மேலே கண்ணாடி போல மெல்லிய ஐஸ். அடியில் மீன் அசையாமல் கிடந்தது. அவர் பெருவிரலால் ஐஸை மெல்ல அழுத்தி உடைத்தார். அம்மா கேத்தலை எடுக்கப் போனார்.

"வேண்டாம் அக்கா. சுடுதண்ணி ஊத்தினால் செத்துப்போகும். தானா வரட்டும்."

மூவரும் கதிரைகளை இழுத்து டப்பாவைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோரும் மீனையே பார்த்தோம். வெகுநேரத்துக்குப் பிறகு அதன் செவுள் ஒரு தரம் திறந்து மூடியது. பிறகு இன்னொரு தரம். வால் அசைந்தபோது அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத முகத்தோடே சிரித்தார். ஹவுஸ்கோட் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மீனிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"பேர் என்ன?"

பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். ஆனால் நான் ஒரு பெயரும் அண்ணன் ஒரு பெயருமாகச் சண்டை பிடித்து, மீன் ஆறு மாதமாகப் பெயரில்லாமலே இருந்தது. நான் தயங்குவதற்குள் மாமா சொல்லிவிட்டார்.

"மீனா."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு பொருத்தமான பெயர் எங்கள் இருவருக்கும் தோன்றவில்லையே. அம்மாவும் அதை ஒரு தரம் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"பல்லு முளைச்சிட்டுதே?"

"ஓம் அக்கா. கீழ ரெண்டு."

நான் குனிந்து மீனின் வாயைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மாமா மீன்களைப் பற்றி அறிந்தவர். அண்ணன் குளத்திலிருந்து திரும்பியதும், மீனுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, அதற்குக் கீழே இரண்டு பல்லும் இருக்கிறது என்று அறிவித்தேன்.

மாமா திரும்பிப் போய்ச் சில மாதங்களில் ஒரு கடிதம் வந்தது. அதற்குள் ஒரு படம். சிவப்புக் கோட்டுப் பெண்ணின் மடியில், மயிர்த்தொப்பி போட்ட ஒரு குழந்தை. இது மாமாவின் மகள், பெயர் மீனா என்று அம்மா எங்களுக்குக் காட்டி, படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். எனக்கு மனம் தாங்கவில்லை. எங்கள் மீனின் பெயரைத் தன் பிள்ளைக்கு வைப்பதற்கு முன் மாமா என்னிடம் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்.