எலுமிச்சம்பழம் செல்லும், அபராதம் செல்லாது

வெள்ளிமலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி, சின்னசேலம் பக்கத்து, ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரிகளில் இறக்குவது என் பிழைப்பு. லாரி முதலாளியுடையது. அதற்கு ஆகும் செலவு மட்டும் என்னுடையது. இது என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். நடைக்கு இவ்வளவு என்று முதலாளி ஒரு தொகை பேசுவார். டீசல், பஞ்சர், கயிறு, கிழிந்தால் தார்ப்பாய் என்று எல்லாவற்றையும் அதில் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பார். அதை மிச்சம் என்று சொல்வது என் பெருந்தன்மை.

கூத்து என்னவென்றால், முழுத் தொகையும் எனக்கே வந்ததாகக் காட்டி, அதற்கு வரியும் பிடித்துக் கட்டிவிடுவார். வருமான வரிக்காரர்கள் கணக்கில் நான் டிரைவரே இல்லை, காண்டிராக்டர். இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது.

"காண்டிராக்டர் ஐயா, கேஸ் தீந்துபோச்சுங்க. இன்னா பண்ணலாம்?" என்று அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள் என் மனைவி.

செலவுகளைக் கழித்துக் காட்டினால் பிடித்த வரி திரும்பி வரும் என்று யாரோ சொல்ல, கள்ளக்குறிச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீசுக்குப் போனேன். கணக்கு பார்க்கிற பெண்ணுக்கு வயது கம்மி, வாய் ஜாஸ்தி.

"பில்லு இருக்குதாண்ணா? பில்லு இல்லன்னா ஒண்ணும் நிக்காது" என்றாள்.

அன்று முதல் பில் வேட்டைதான். மலையேறுவதற்கு முன் அடிவாரத்து முனியப்பனுக்குக் கற்பூரம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் எங்களில் யாரும் கியர் போடமாட்டோம். அதுவும் வண்டிச் செலவுதானே? பழம் விற்கிற அக்காவிடம் பில் கேட்டேன்.

"இன்னாது, எலுமிச்சம்பழத்துக்கு பில்லா? வேணும்னா சாமிகிட்டயே கையெழுத்து வாங்கிக்கினு வரட்டுமா?" என்று சிரித்தவள், கற்பூர டப்பாவின் அட்டையைக் கிழித்துத் தொகையை எழுதி, முத்திரைக்குப் பதிலாக ஒரு குங்குமப் பொட்டும் வைத்துக் கொடுத்தாள்.

ஆடிட்டர் ஆபீஸ் பெண் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பூஜச் செலவு தான? எழுதிப் பாக்கலாம்ண்ணா." எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தத் தெம்பில் பெரிய செலவை எடுத்து நீட்டினேன். அறுவடை சமயத்தில் ஓவர்லோடு என்று செக்கிங்கில் மடக்கிப் போட்ட அபராதம் அது. முதலாளி அதைத் தவணை போட்டு என்னிடம் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த மாதங்களில் வீட்டில் காய்கறி வாங்கியதாகவே ஞாபகம் இல்லை. இன்னொரு அபராதம் விழுந்தால் வண்டியை விட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான்.

"இது மட்டும் ஆவாதுண்ணா. சட்டத்த மீறினதுக்குக் கட்டுன காச செலவா ஒத்துக்க மாட்டாங்க."

"மீறினது நானாம்மா? ஏத்தச் சொன்னதே மொதலாளிதான்."

"பேப்பர்ல காண்டிராக்டர் நீங்கதானே? அப்ப எவ்ளோ ஏத்தறதுன்னு நீங்கதான சொல்லணும்?"

சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவள் சொன்னது மண்டையில் ஏறியது. அபராதம் கட்டுகிறவன் நான். அப்படியென்றால் போதும் என்று சொல்கிறவனும் நான்தானே?

அடுத்த நடையில், கிழங்கு லாரியின் பக்கப்பலகை மட்டத்துக்கு வந்ததும் ஏற்றுகிறவர்களிடம் நிறுத்தச் சொன்னேன்.

"இன்னாண்ணா, இன்னும் அவ்ளோ கெடக்குது. மொதலாளி கத்துவாருண்ணா" என்றார்கள்.

சொன்னபடியே போனில் கத்தினார். "ஏம்ப்பா, லோட கம்மி பண்ணிக்கினு வர்றியாமே? வண்டி உன்னுதா, என்னுதா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன். "வண்டி உங்களுதுதாங்க. அபராதத்த நீங்க கட்டறதுன்னா சொல்லுங்க, மலையையே ஏத்திக்கினு வர்றேன். நான் கட்டணும்னா இவ்ளோதாங்க."

லோடை இறக்கியதும் சாவியை வாங்கிக்கொண்டார். வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் சும்மா வீட்டுக்குப் போகவில்லை. லாரி ஸ்டாண்டில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் மசாலா சேர்த்துச் சொன்னேன். அங்கே இருந்த முக்கால்வாசிப் பேரும் என்னைப் போல அபராதம் அழுத காண்டிராக்டர்கள்தான். முதலாளி கூப்பிட்டபோது ஒருவர் கூட அவர் வண்டியில் ஏறவில்லை. மலையில் அவர் வாங்கிப் பிடுங்கிப் போட்டிருந்த கிழங்கோ கறுக்க ஆரம்பித்திருந்தது. கறுத்த கிழங்குக்கு பேக்டரியில் பாதி விலைகூடத் தரமாட்டார்கள்.

சில நாளில் அவரே போன் செய்தார். "காலையில வந்து வண்டிய எடு. பலக மட்டத்துக்கே ஏத்து, போ. ஏற்கெனவே புடிச்சத மட்டும் கேக்காத."

கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் மறுநாள் லோடோடு மலையிறங்கும்போது, வளைவில் எதிரே பஸ் வந்தது. பிரேக்கை மிதித்தேன். ஓவர்லோடில் இழுத்துக்கொண்டே போய் நிற்கிற வண்டி, அன்று மிதித்த இடத்திலேயே நின்றது. ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அத்தனை வருடமும் எந்தத் தைரியத்தில் நான் இறங்கிக்கொண்டிருந்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.