மேற்குச் சன்னலுக்கு ஒரு மறைப்பு

மூன்று மாதமாக ஒரு சன்னலை வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோரையும் பாடாய்ப் படுத்தினேன். விளாங்குடியில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டில், நான் கம்ப்யூட்டர் வைத்து வேலை பார்க்கும் அறையின் மேற்குச் சன்னல். மூன்று மணிக்கு மேல் வெயில் நேராகத் திரையில் அடிக்கும். ஓர் எழுத்தும் தெரியாது.

பட்டை பட்டையாக மரம் வைத்த கதவு போடுவதா, சுருட்டி ஏற்றும் பிளைண்ட்ஸ் போடுவதா? மரக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், மழைக்கு உப்பிக்கொள்ளும். பிளைண்ட்ஸ் காற்றுக்குப் படபடக்கும், தூசி அடையும். ராத்திரி ஒன்றை முடிவு செய்து காலையில் மாற்றுவேன்.

"சன்னலுக்குக் கதவு பாக்குறியா, பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்குறியா?" என்றார் என் கணவர்.

சன்னலுக்கு எதிரே, மூன்றடிச் சந்துக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு மொட்டை மாடி. அந்த வீட்டு அக்கா தினமும் காலையில் துணி காயப்போட வருவார். தொட்டியில் வளர்க்கும் கறிவேப்பிலையில் ஒரு கொத்து ஒடித்து, கைப்பிடிச் சுவருக்கு மேல் கையை நீட்டுவார். நான் கம்பிக்கு வெளியே நீட்டி வாங்கிக்கொள்வேன். எனக்குப் பொழுது விடிவதே அந்த முகத்தில்தான்.

கடைசியில் பிளைண்ட்ஸுக்குச் சொன்னேன். அந்த வாரமே அக்காவின் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்விட்டு வந்த அன்று சாயங்காலம், பிளைண்ட்ஸ்காரர் வந்து நின்றார். இருந்த அசதியில், இன்னொரு நாள் வாங்க என்று சொல்லத் தோன்றவில்லை.

"ரெண்டு நாளைக்கு எறக்கியே வைங்கக்கா, மடிப்பு போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டிப் பார்த்த மாமியார், "நல்ல நேரத்துலதான் மாட்டிருக்க. எந்திரிச்சதும் அவ மூஞ்சில முழிக்க வேணாம்ல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் இறக்கிய பிளைண்ட்ஸை அப்படியே விட்டேன்.

மறுநாள் காலையில், அத்தனை நாள் கழித்து முதல் தடவையாக அக்கா மாடிக்கு வந்தார். வாளி வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. நான் கயிற்றைப் பிடித்தபடி இந்தப் பக்கம் நின்றேன். ஏற்றினால், இறக்கி வைத்திருந்ததற்கு என்ன சொல்வது? வெயிலுக்காக என்றா? காலையில் மேற்கே ஏது வெயில்? கை ஓடவில்லை. அக்கா இறங்கிப்போகும் காலடிச் சத்தம் கேட்டது.

அன்று பூராவும் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. சாயங்காலம் அவர் வீட்டுக்கே போனேன்.

"வெயிலுக்குத்தான்க்கா போட்டேன். மூணு மாசமா ஒங்ககிட்டயும்தான பொலம்பிக்கிட்டு இருந்தேன்."

"தெரியும்த்தா. நான் ஒண்ணும் நெனைக்கல. காப்பி குடிக்கிறியா?"

குடித்தேன். காலையில் ஏன் ஏற்றவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டு, நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அடுத்த நாள் விடிந்ததும் பிளைண்ட்ஸை உச்சிவரை சுருட்டி ஏற்றிவிட்டுக் காத்து நின்றேன். அக்கா வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். துணி காயப்போட்டார். கறிவேப்பிலை ஒரு கொத்து ஒடித்தார். நான் கையை நீட்டினேன். அவர் நீட்டவில்லை, கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு, "எடுத்துக்கத்தா" என்று சொல்லி இறங்கிப்போனார்.

கம்பி இடுக்கில் கையைத் தோள்வரை நுழைத்துப் பார்த்தேன். எட்டவில்லை.