பழுதில்லாத பொயிலர்

வாமதேவனைக் கூப்பிட்டால் ஏச்சும் சேர்ந்தே வரும் என்பது பாரிசின் லா சப்பலில் தமிழர் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் புதுசு போடச் சொல்லிவிட்டுப் போகும் பொயிலரை அவர் கழற்றித் துடைத்து இன்னும் ஆறு குளிர்காலம் ஓட வைப்பார்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவ வந்தவர். அதன் நிலவறையில் கிடந்த பழைய பொயிலரை லீவு நாட்களில் கழற்றிப் பூட்டித்தான் தொழிலைப் பிடித்தார். சான்றிதழ்ப் பரீட்சையில் பிரெஞ்சு அவரை இரண்டு தடவை விழுத்தியது. மூன்றாம் தடவை பாஸ். ஓடக்கூடிய ஒன்றை எறியச் சொல்வது பொய் சொல்வதற்குச் சமம் என்பது அவர் கட்சி.

போன நவம்பரில் அவரைக் கூப்பிட்டவள் பேர்ளி. மன்னார்க்காரி. சேலைக் கடையொன்றில் சட்டை தைப்பவள். கணவன் றெமிஜியஸ், பத்து வயது மகள் சுஜானி, ஐந்தாம் மாடியில் இரண்டு அறை வீடு. வீட்டைச் சூடாக்கிச் சுடுதண்ணியும் தரும் பதினாலு வயதான காஸ் பொயிலர் குசினிச் சுவரில் தொங்கியது. அதற்கு மேலே சுவர் கறுத்துப்போய் இருந்தது.

வாமதேவன் பையிலிருந்து நச்சுப்புகையை அளக்கும் மானியை எடுத்தார். குசினிக்குள் கால் வைத்ததும் அது கத்தத் தொடங்கியது. அவர் யன்னலைத் திறந்து, காஸைப் பூட்டிவிட்டு, மானி அடங்கும்வரை நின்றார்.

“இது எத்தினை நாளா நிக்காமல் ஓடுது?”

“ஒரு மாசமா அண்ணை,” என்றான் றெமிஜியஸ். “முந்திக் கிழமைக்கு மூண்டு தரம் நிக்கும். வந்து பாத்த ரெண்டு பேரும் மாத்தச் சொன்னவை. இப்ப தங்கமான பெட்டி. சுவரைத் துடைச்சு விட்டாக் காணும்.”

வாமதேவன் மூடியைக் கழற்றினார். புகை வீட்டுக்குள் திரும்பினால் காஸை நிறுத்துவதற்கென்று உள்ளே ஒரு சிறிய உறுப்பு உண்டு. அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயர் இணைத்திருந்தது. இனி எவ்வளவு புகை திரும்பினாலும் பொயிலர் நிற்காது.

“இது ஆற்றை வேலை?”

றெமிஜியஸ் கதவு நிலையைப் பார்த்தான். “யூரியூப்பிலை பாத்து...”

“நித்திரையாலை எழும்பாமல் போறதுக்கும் அதிலை வீடியோ இருக்கோ? மணமில்லாத நஞ்சடா அது! பிள்ளை படுக்கிற அறை எங்கை? இந்தச் சுவருக்கு அங்காலையோ?”

பேர்ளி கணவன் பக்கம் திரும்பினாள். “பின்னேரத்திலை தலையிடிக்குது எண்டு நான் சொல்லச் சொல்ல, தைக்கிற கண்ணாடியை மாத்து எண்டு சொன்ன வாய்தானே இது!”

வாமதேவனின் கோபம் அதோடு நிற்கவில்லை. புகை ஏன் திரும்பியது என்று தெரியாமல் அவர் மூடியைப் பூட்டமாட்டார். புகைபோக்கியில் கண்ணாடி பிடித்துப் பார்த்தார், அடைப்பில்லை. பிறகு, கட்டிடத்தின் உள்முற்றத்துப் பக்கச் சுவரில் இருக்கவேண்டிய காற்றுத் துளையைத் தேடினார். அங்கே தொங்கிய கோயில் கலண்டரைத் தூக்கினார். துளைக்கு மேல் மூன்று வரிசையில் வெள்ளி நிற டேப்.

“இதுவும் உம்மடை வேலையோ?”

“இல்லை, என்ரை,” என்றாள் பேர்ளி.

“தங்கச்சி, பொயிலர் மூச்செடுக்கிற துளையை அடைச்சுப் போட்டு...”

“கத்தாதேங்கோ அண்ணை. மூண்டாம் மாடிக்காரி கீழை தபால் பெட்டிக்குப் பக்கத்திலை கடுதாசி ஒட்டினவள். எங்கடை பேர் போட்டு, மாடி போட்டு. எங்கடை சமையல் மணம் முற்றத்தாலை வருதாம், சீவிக்க ஏலாதாம். பள்ளிக்கூடத்தாலை வந்த பிள்ளைதான் அதை முதல் வாசிச்சது. அண்டையிலையிருந்து கருவாடு காய்ச்சினால் பிள்ளை, மணம் பிடிக்குமெண்டு, தன்ரை ஜக்கெற்றை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டுறாள். நான் என்ன செய்ய? சமைக்காமல் விடவோ? சொல்லுங்கோ!”

வாமதேவனின் வாயில் இருந்த ஏச்சு யாருக்கு உரியதென்று தெரியாமல் அங்கேயே நின்றது. திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மூடிக்குள் போட்டார்.

“பெட்டியிலை ஒரு பிழையும் இல்லை,” என்றார் கடைசியில். “காத்தில்லாமல் புகை திரும்பினது. அதாலைதான் நிண்டது. நிண்டு நிண்டு உங்களைக் காப்பாத்தினது. நீர் அதின்ரை கழுத்தை நெரிச்சீர்.”

“அப்ப டேப்பை உரிச்சு, அந்தச் சின்னச் சாமானையும் மாத்தினால் சரிதானே!” றெமிஜியசின் முகம் தெளிந்தது. “புதுசு தேவையில்லை.”

வாமதேவன் அவனைப் பார்க்கவில்லை. “தங்கச்சி, நான் இதை உரிச்சால் நீங்கள் திருப்பி ஒட்டமாட்டியளோ?”

பேர்ளி டேப்பின் ஒரு நுனியை விரலால் அழுத்திவிட்டாள்.

“இன்னொரு கடுதாசி வந்தால் ஒட்டுவன் அண்ணை. பொய் சொல்ல ஏலாது.”

“அப்ப மாத்துங்கோ,” என்றார். அந்த வார்த்தை அவருக்குக் கசந்தது; பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கூரையிலிருந்து புகைபோக்கிக்குள், ஒன்றால் காற்று வந்து மற்றதால் புகை போகும் இரட்டைக் குழாய் இறக்கி, வெளிக்காற்றிலேயே எரியும் மூடிய பொயிலர் போடலாம். அது குசினிக் காற்றைத் தொடாது. சமையல் அடுப்பு மின்சாரம் என்பதால், துளை அடைபட்டாலும் அந்தப் பக்கம் பயமில்லை. சாமான் வர ஒன்பது நாளாகும்.

“ஒன்பது நாளோ! அதுவரைக்கும் வயரைத் திருப்பிப் போட்டு விடுங்கோ அண்ணை. குளிருக்கை பிள்ளை...” என்றான் றெமிஜியஸ்.

“விசரோ உமக்கு?” வாமதேவன் அந்த வயரைக் குறட்டால் நாலு துண்டாக்கிக் குப்பைக்குள் போட்டார். காஸ் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்தார். “கேத்திலிலை தண்ணி கொதிக்க வைச்சு அள்ளிக் குளியுங்கோ. நாளைக்கு மின்சார ஹீற்றர் ரெண்டு கொண்டு வாறன்.”

“நான் வேறை ஆளைக் கூப்பிடுவன்.”

“கூப்பிட்டுப் பாருங்கோ,” என்றாள் பேர்ளி, கணவனிடம். அவன் கூப்பிடவில்லை.

பத்தாம் நாள் புதியது பூட்டியாயிற்று. பழையதை வாமதேவனும் றெமிஜியசும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியால் இறக்கினார்கள். லிப்ட் இல்லை. எறிய வேண்டியில்லாத ஒன்றைச் சுமப்பதால் பாரம் இரண்டு மடங்கு என்று வாமதேவன் ஒவ்வொரு மாடியிலும் முணுமுணுத்தார். கீழே, கையில் ரொட்டியோடு உள்ளே வந்த ஒரு பெண் அவர்களுக்காகத் தெருக்கதவைத் தன் முதுகால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இவதான் மூண்டாம் மாடிக்காரி,” என்றான் றெமிஜியஸ் மெதுவாக.

“போன்சூர் மெசியே,” என்று வணக்கம் சொன்னாள் அவள், சிரித்த முகத்தோடு.

“போன்சூர் மதாம்,” என்றான் றெமிஜியஸ்.

வாமதேவன் அவளுடைய முகத்தை நேராகப் பார்த்தார். இந்த ஊரில் இருபத்தாறு வருடத்தில், ஒரு போன்சூருக்குப் பதில் சொல்லாமல் அவர் கடந்துபோனது அன்றுதான்.